மடிக்கணினி நாட்குறிப்பு: நவம்பர் 2025

நவம்பர் 2

லினக்ஸ் இயங்குதளத்தின் ஒரு வடிவமான லினக்ஸ் மின்ட் 22.2 நிறுவியாகிவிட்டது. ஒலி, தொடுபலகை, திரையின் ஒளி யாவும் முதல் முறையிலேயே சரியாக இயங்கின. அதன் சின்னமன் முகப்பு, இந்த மடிக்கணினியைப் பயன்படுத்தப்போகிற அவளுக்கும் விரைவில் பழகிவிடும். ஆனால் இரவு மூடிவைத்த கணினியைக் காலையில் திறந்தபோது மின்கலம் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது.

நவம்பர் 3

இரவு முழுவதும் இதே நினைவுதான். லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்குத் தெரிந்த உறக்கங்களில் இரண்டு வகை இங்கே முக்கியம்: ஒன்றில் செயலி (சிபியு) மிகக் குறைந்த மின்சாரத்தில் சும்மா இருக்கும், மற்ற பாகங்களுக்கும் ஓரளவு மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும்; எஸ்3 எனப்படும் மற்றொன்றில் நினைவகத்தைத் தவிர ஏறத்தாழ எல்லாமே அணைந்துவிடும். புதிய மடிக்கணினிகள் பலவற்றில் இந்த இரண்டாவது வகையே இல்லை. இதில் இருக்கிறது, தேர்வாகத்தான் இல்லை. அதைத் தேர்வுசெய்ய, கணினி தொடங்கும்போது லினக்ஸை ஏற்றும் கிரப் நிரலின் அமைப்பில் ஒரு சொற்றொடரைச் சேர்த்தேன்.

நவம்பர் 4

மின்கலம் இறங்கவில்லை, விழித்தெழுந்த கணினிக்கு வைஃபை மட்டும் தெரியவில்லை.

நவம்பர் 6

அக்டோபர் 28 அன்று வெளிவந்த இன்னொரு லினக்ஸான ஃபெடோரா 43ஐ யுஎஸ்பியிலிருந்தே, நிறுவாமல், ஓட்டிப் பார்த்தேன். உறங்கவைத்து எழுப்பியதும் வைஃபை தானாகவே இணைந்தது. மின்ட்டில் இருப்பது 6.14 கர்னல், இதில் இருப்பது 6.17, இடைப்பட்ட காலத்தில் வைஃபை இயக்கி (அந்த வன்பொருளை இயக்கும் நிரல்) திருத்தப்பட்டிருக்க வேண்டும். அப்படியானால் நான் தேடிக்கொண்டிருப்பது வேறொரு லினக்ஸை அல்ல, புதிய கர்னலை மட்டுமே. இதை உணர்ந்ததும் மனம் லேசானது. எனினும் ஃபெடோராவின் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஏறத்தாழ 13 மாத ஆதரவுதான் உண்டு. அதன்பின் யார் அருகிலிருந்து மேம்படுத்தித் தருவார்கள்?

நவம்பர் 7

இன்று எதையும் தொடவில்லை. அவளுடைய பயணத் தேதி உறுதியாகிவிட்டது.

நவம்பர் 8

ஆர்ச் என்ற மற்றொரு லினக்ஸின் விக்கியை நள்ளிரவு வரை படித்தேன். எந்த லினக்ஸைப் பயன்படுத்துபவரும் படிக்க வேண்டிய ஆவணம் அது. உறக்கத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அங்கே கற்றதுதான். ஆயினும் ஆர்ச்சைப் போல இடைவிடாமல் புதுப்பிக்கப்படும் ஓர் அமைப்பை, புதுப்பிக்கும் முன் அறிவிப்புகளைப் படிக்க நேரமில்லாத ஒருவரிடம் ஒப்படைப்பது நியாயமாகாது.

நவம்பர் 10

அடுத்த லினக்ஸ், டெபியன் 13. ஆகஸ்டு 9 அன்று வெளிவந்தது. மூன்றாண்டு முழு ஆதரவு, அதன்பின் இரண்டாண்டு நீட்டிப்பு. அவளுக்கு இதுதான் தேவை. கட்டற்றதல்லாத ஃபர்ம்வேரையும் (வைஃபை போன்ற வன்பொருள் இயங்கத் தேவையான மென்பொருள்) 2023இல் வந்த டெபியன் 12 முதல் நிறுவியிலேயே சேர்த்துவிட்டார்கள் என்பதால் நிறுவும்போதே வைஃபை கிடைத்தது. சொந்தக் கோப்புகள் இருக்கும் ஹோம் பகுதியைத் தனிப் பிரிவாக வைத்திருந்ததால் அவற்றைத் தொடாமல் இயங்குதளம் இருக்கும் ரூட் பிரிவை மட்டும் அழித்து எழுத முடிந்தது. கர்னல்தான் 6.12. எதிர்பார்த்தபடியே, உறங்கி எழுந்ததும் வைஃபை இல்லை.

நவம்பர் 11

நிலையான டெபியனுக்குப் புதிய பதிப்புகளைத் தரும் பேக்போர்ட்ஸ் களஞ்சியத்திலிருந்து புதிய கர்னலை நிறுவினேன். பாதுகாப்புத் திருத்தங்கள் அதற்குச் சற்றுத் தாமதமாக வரக்கூடும் என்பதை யோசித்தே செய்தேன். ஏதேனும் நேர்ந்தால் கிரப் பட்டியலில் பழைய 6.12 காத்திருக்கிறது. மூடினேன், திறந்தேன், வைஃபை வந்தது. ஒரு மணி நேரம் கழித்தும் வந்தது. முழு இரவுச் சோதனை இன்றுதான்.

நவம்பர் 12

இரவு முழுவதும் உறங்கி எழுந்த பிறகும் வைஃபை வந்தது! தமிழ்99 விசைப்பலகையை ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள் வழியாகச் சேர்த்தாயிற்று. அச்சுப்பொறியை இன்னும் இணைத்துப் பார்க்கவில்லை. அதை மாலையில் பார்க்க வேண்டும்.