பெரிதாக்கினால் மங்கிய சானல்: என் புராஜெக்ட் வைவா அனுபவம்

கடைசி வருட புராஜெக்டுக்கு, எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக் கோதையாறு பாசனச் சானல்களை (கால்வாய்களை) ஐபோன் செயலியில் கோடு கோடாக வரைந்திருந்தேன். தோவாளை சானல், அனந்தனார் சானல், பட்டணங்கால் எல்லாம் அதில் உண்டு. நாகர்கோவில் பக்கம் எங்கள் கல்லூரியில் முதல் ரிவ்யூ. பட்டணங்கால் தண்ணீரை ஆற்றுக்கு மேலே கொண்டுபோகும் மாத்தூர் தொட்டிப்பாலம் இருக்கும் இடத்தைச் சார் இரண்டு விரலால் விரித்தார். கோடு கலங்கிப்போனது.

“படம் ஒட்டலையே, கோடாத்தானே வரைஞ்சிருக்க? பிறகு ஏன் மங்குது?”

பதில் தெரியாமல் நின்றேன். இந்த மாதிரி புராஜெக்ட் எடுக்கிறவர்களுக்கு இந்தக் கேள்வி கட்டாயம் வரும்.

டிராரெக்ட் என்பது திரையில் வரைவதற்கான நிரல் பகுதி. அதில் நாம் வரைவது கோடுதான். ஆனால் அது ஓடி முடிந்தபின் மிஞ்சுவது வெறும் பிக்சல், அதாவது நிறப் புள்ளிகள். நகர்த்தவும் பெரிதாக்கவும் உதவும் ஸ்க்ரோல்வியூ, பெரிதாக்கும்போது புதிதாக வரையச் சொல்வதில்லை, இருக்கிற பிக்சலையே இழுத்துக் காட்டுகிறது. மனப்பாடம் செய்யாதீர்கள். டிராரெக்டுக்குள் ஒரு பிரிண்ட் வரி போட்டு ஜூம் செய்து பாருங்கள், ஒன்றும் அச்சாகாது. இரண்டு நாள் படித்தும் பிடிபடாதது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

ஜூம் முடிந்ததும் வியூவின் (வரைபடம் இருக்கும் திரைப் பகுதியின்) கன்டென்ட் ஸ்கேல் ஃபேக்டரை, அதாவது எவ்வளவு நெருக்கமாகப் பிக்சல் வரைய வேண்டும் என்ற எண்ணை, ஜூம் அளவைத் திரையின் ஸ்கேலால் பெருக்கி வைத்தால் மறுபடி வரைந்துவிடும். விரல் நகரும்போதே வைத்தால் திக்கும். ஊர்ப்பெயர் லேபிள்களுக்கும் தனியாக வைக்க வேண்டும்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். 8 மடங்கு பெரிதாக்கியதும் பழைய போனில் செயலி மூடிக்கொண்டது. எவ்வளவு மெமரி பிடிக்கும் என்று கணக்குப் போட்டேன்: 300க்கு 400 பாயின்ட் (ஐபோனின் அளவு அலகு) வியூ, 2 ஸ்கேல் திரை (ஒரு பாயின்டுக்கு அகலத்தில் 2, உயரத்தில் 2 பிக்சல்), பிக்சலுக்கு 4 பைட். சாதாரணமாக 1.92 எம்பி. 8 மடங்கில் அகலமும் உயரமும் சேர்ந்து பெருகுவதால் 64 மடங்கு, அதாவது 122.88 எம்பி. இந்தக் கணக்கைக் கையால் போட்டுப் பழகுங்கள், கேட்பார்கள்.

அதற்கு வழி ஆப்பிள் தரும் சிஏ டைல்டு லேயர். கண்ணில் படும் கட்டங்களை மட்டும் துண்டு துண்டாக வரையும். லெவல்ஸ் ஆஃப் டீட்டெய்ல் (அசல் அளவையும் சேர்த்து மொத்தப் படிகள்) 4, அதன் பயஸ் (அதில் பெரிதாக்கும் படிகள்) 3 என்று வைத்தேன். ஒவ்வொரு படியும் இரட்டிப்பு, மூன்று படியில் 8 மடங்கு. வரைவது பின்னணித் த்ரெட்டில் (செயலியின் முக்கிய ஓட்டத்துக்கு இணையாக ஓடும் வேறொரு ஓட்டத்தில்) நடக்கும், அதனால் அங்கே வியூவின் அளவைக் கேட்கக் கூடாது. முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் அப்பாவிடம் காட்டினேன். வயலுக்குத் தண்ணி பாய்ச்சுகிறவர், உற்றுப் பார்த்துவிட்டு, “மக்ளே, நம்ம சானலு இவ்வளவு அகலம் கெடையாதே” என்றார். ஜூமோடு கோட்டின் தடிமனும் பெருகியிருந்தது. வரையும்போது தடிமனை அப்போதைய ஸ்கேலால் வகுத்தேன், சரியானது.

கடைசியில் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) சார் அதே தொட்டிப்பாலத்தைத்தான் மறுபடி விரித்தார். மெல்லிய கோடு, கூர்மையாக. “எப்படி?” என்றார். போர்டில் 300, 400 என்று எழுதித் தொடங்கினேன்.