அம்மாவோட மறதிக்கு ஒரு பேர் கிடைக்க ஒன்றரை வருஷம் ஆச்சு

அம்மாவுக்கு 71 வயசுல டிமென்ஷியான்னு உறுதி பண்ணாங்க. முதல் சந்தேகம் வந்ததுல இருந்து அந்த பேர் எங்க காதுல விழ ஒன்றரை வருஷம் ஆச்சு. அந்த ஒன்றரை வருஷத்துல யார் யாரைப் பார்த்தோம், எதுல நேரம் போச்சு, எது உண்மையிலேயே உதவுச்சுன்னு எழுதணும்னு ரொம்ப நாளா நினைச்சுட்டு இருந்தேன், ஏன்னா அப்போ நான் தேடினப்போ கிடைச்சதெல்லாம் நோயைப் பத்தின விளக்கம்தான், அடுத்து என்ன செய்யணும்னு வீட்டு ஆள் ஒருத்தர் சொல்ற மாதிரி எதுவும் கிடைக்கல.

முதல்ல தடுமாறினது கணக்குதான். அம்மா எட்டாவதோட படிப்ப நிறுத்தினவங்க, ஆனா வீட்டு வரவு செலவு நோட்டு நாப்பது வருஷமா அவங்க கையெழுத்துலதான் இருக்கும். ஒரு நாள் சும்மா புரட்டினப்போ பார்த்தேன், மூணு மாசமா தொகையெல்லாம் எழுதியிருக்காங்க, கீழ கோடும் போட்டிருக்காங்க, கூட்டல் மட்டும் இல்ல, கோட்டுக்குக் கீழ வெறும் இடம். சில பக்கத்துல ஒரே செலவு ரெண்டு தடவ. கேட்டா "கண்ணு சரியா தெரியலடி"ன்னாங்க. நான் கண்ணாடிய மாத்திக் குடுத்தேன், அதோட விட்டுட்டேன். அப்புறம் ஒரே கேள்விய அரை மணி நேரத்துல நாலு தடவ கேக்கறது, அடுப்ப பத்த வெச்சுட்டு வேற ரூமுக்குப் போயிடறது, நாலு பேர் பேசிட்டு இருந்தா எதுவும் சொல்லாம எந்திரிச்சுப் போயிடறது. எங்க வீட்டுல எல்லாரும் சொன்ன ஒரே வார்த்தை "வயசாச்சுல்ல".

முதல்ல பார்த்த டாக்டரும் அதையேதான் சொன்னார். அஞ்சு நிமிஷம் பேசினார், அம்மா நல்லா சிரிச்சு பதில் சொன்னாங்க, சத்து மாத்திரை எழுதிக் குடுத்து அனுப்பிட்டார். எங்களுக்கும் அதுதான் கேக்க வேண்டியிருந்துச்சு, நிம்மதியா வந்துட்டோம். எங்களுக்குப் போன பெரிய நேரம் இதுதான், கிட்டத்தட்ட ஒரு வருஷம். இந்த ஆரம்ப கட்டத்துல இருக்கறவங்க கொஞ்ச நேரப் பேச்சுல ரொம்ப இயல்பா இருப்பாங்க, கூடவே இருக்கறவங்களுக்கு மட்டும்தான் வித்தியாசம் தெரியும், அதனால டாக்டர்கிட்ட போகும்போது நாமதான் விஷயத்தக் கொண்டு போகணும். ரெண்டாவது டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி நான் ஒரு மாசம் எழுதி வெச்சேன். "மறதி அதிகமாயிடுச்சு"ன்னு எழுதல, தேதி போட்டு நடந்தத எழுதினேன், மாத்திரைய எத்தனை தடவ விட்டாங்க, எந்த வேலைய பாதியில நிறுத்தினாங்க, போன வருஷம் செஞ்ச எத இப்போ செய்யறதில்ல. அந்த ஒன்றரைப் பக்கத்த டாக்டர் முழுசா படிச்சார். படிச்சுட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "தினசரி வேலைய இது பாதிக்குதா?" சாதாரண மறதிக்கும் இதுக்கும் உள்ள கோடு அங்கதான்னு சொன்னார், சாவிய எங்க வெச்சோம்னு மறக்கறது எல்லாருக்கும் உள்ளது, தனக்கு நல்லா பழக்கமான வேலைய வரிசையா செஞ்சு முடிக்க முடியாமப் போனா அத கண்டிப்பா பார்க்கணும்.

அடுத்து ரத்தப் பரிசோதனை. தைராய்டு, பி12, சர்க்கரை, சோடியம், கிட்னி, லிவர். இதுல சிலது சரியில்லன்னாலே மறதி வரும், அத சரி பண்ணா ஓரளவு திரும்பவும் செய்யும், அதனால இத விட்டுட்டு நேரா ஸ்கேனுக்குப் போகக் கூடாதுங்கறது முக்கியம். மனச்சோர்வும் அப்படித்தான், வயசானவங்களுக்கு வர்ற டிப்ரஷன் பார்க்க அச்சு அசல் மறதி மாதிரியே இருக்கும். சாப்பிடற மாத்திரை எல்லாத்தையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டு வரச் சொன்னார், சில தூக்க மாத்திரை, சில அலர்ஜி மாத்திரை கூட மூளைய மந்தமாக்குமாம். அம்மாவுக்கு பி12 குறைவா இருந்துச்சு. ஊசி போட்டோம், சோர்வு குறைஞ்சுச்சு, ஆஹா இவ்வளவுதானான்னு நாங்க சந்தோஷப்பட்டோம். ஆனா நோட்டுல கூட்டல் வரல.

அப்புறம்தான் டாக்டர் காது டெஸ்ட்டுக்கு அனுப்பினார். எனக்குக் கோவமே வந்துச்சு, மறதிக்கு வந்தா காதுக்கு அனுப்பறாரேன்னு. அவர் பொறுமையா சொன்னார், நான் அஞ்சு வார்த்தை சொல்லி திருப்பிச் சொல்லச் சொல்றேன், அது அவங்க காதுலயே விழலன்னா அவங்க மறந்தாங்களா கேக்கலையான்னு எனக்கு எப்படிம்மா தெரியும்? டெஸ்ட் பண்ணா ரெண்டு காதுலயும் நல்ல குறைவு. நாலு பேர் பேசும்போது அம்மா எந்திரிச்சுப் போனதுக்கு பாதிக் காரணம் அதுதான். பத்து வருஷமா டிவி சத்தத்தக் கூட்டி வெக்கறாங்கன்னு சண்டை போட்டிருக்கோம், ஒருத்தருக்குக் கூட டெஸ்ட் பண்ணணும்னு தோணல.

ஞாபக பரிசோதனை அதுக்கப்புறம்தான் நடந்துச்சு, காதுல மெஷினோட. மோக்கான்னு சொல்ற டெஸ்ட், மொத்தம் 30 மார்க், 26ஓ அதுக்கு மேலயோ எடுத்தா பொதுவா நார்மல்னு எடுத்துக்கறாங்க, பன்னெண்டு வருஷமோ அதுக்குக் கீழயோ படிச்சவங்களுக்கு ஒரு மார்க் கூட்டிக் குடுப்பாங்க. ஒரு கடிகாரம் வரையச் சொன்னாங்க, மணி பதினொன்னு பத்து. அம்மா வட்டம் அழகா போட்டாங்க. நம்பர் எல்லாத்தையும் எழுதினாங்க, ஆனா பன்னெண்டும் வலது பக்கத்துலயே ஒண்ணு மேல ஒண்ணா நெருக்கிட்டு, இடது பாதி காலியா கிடந்துச்சு. முள்ளு வரையும்போது ஒண்ண பதினொண்ணுக்குக் காட்டினாங்க, இன்னொண்ண பத்துக்கு. "பத்து"ன்னு காதுல விழுந்துச்சு, பத்தப் பார்த்து கோடு போட்டுட்டாங்க. போட்டுட்டு ரொம்ப நேரம் பேப்பரையே பார்த்தாங்க, ஏதோ தப்புன்னு தெரியுது, என்னன்னு தெரியல, பென்சில கீழ வெக்கவும் இல்ல. நான் பக்கத்துல இருந்து ஒண்ணும் சொல்லக் கூடாதுன்னு முன்னாடியே சொல்லியிருந்தாங்க. அந்த ரெண்டு நிமிஷம் எனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. மொத்தம் 17 மார்க். என்னையும் தனி ரூம்ல உட்கார வெச்சு அரை மணி நேரம் கேட்டாங்க, அதுக்கு என் நோட்டு கையில இருந்தது நல்லதாப் போச்சு.

எம்ஆர்ஐல ஞாபகத்துக்கான ஹிப்போகாம்பஸ் பகுதி சுருங்கியிருந்துச்சு, கூடவே மூளையோட சின்ன ரத்தக் குழாய்கள்ல பழைய பாதிப்பு. அல்சைமரும் ரத்தக் குழாய் பாதிப்பும் கலந்த டிமென்ஷியான்னு சொன்னாங்க. டிமென்ஷியாங்கறது ஒரே நோயோட பேர் இல்லன்னு அன்னிக்குத்தான் எனக்குப் புரிஞ்சுச்சு, பல நோய்க்கான பொதுப் பேர், அதுல 60ல இருந்து 70 சதவீதம் அல்சைமர், வயசான காலத்துல ரெண்டும் கலந்து வர்றதும் சகஜம்.

அம்மாகிட்ட சொல்லலாமா வேண்டாமான்னு எனக்கும் அண்ணனுக்கும் பெரிய வாக்குவாதம். அண்ணன் வேண்டவே வேண்டாம்னார், உடைஞ்சு போயிடுவாங்கன்னு. டாக்டர் எங்க ரெண்டு பேரையும் பார்க்கல, அம்மாவையே கேட்டார், "உங்களுக்கு ரிசல்ட் தெரிஞ்சுக்கணுமாம்மா?" அம்மா சொன்னது, "எனக்கு என்ன ஆச்சுன்னு எனக்குத்தானே முதல்ல சொல்லணும்." சொன்னார். அழல. "கணக்கு வராதப்பவே ஏதோன்னு நினைச்சேன்"னாங்க. அவ்வளவு நாளா அத தனியா மனசுல வெச்சுட்டு இருந்திருக்காங்க. அவங்களுக்கே தெளிவு இருக்கும்போது சொன்னதாலதான் பேங்க் விஷயம், சொத்து விஷயம், தனக்கு முடியாமப் போனா யார் முடிவெடுக்கணும்ங்கறது எல்லாத்தையும் அவங்க வாயால சொல்லி, அவங்க கையால கையெழுத்துப் போட முடிஞ்சுச்சு.

நான் கேட்ட கேள்வி வேற. எதனால வந்துச்சு? நாங்க எதையாவது விட்டுட்டோமா? வயசுதான் பெரிய காரணம், 65க்கு மேல ஒவ்வொரு அஞ்சு வருஷத்துக்கும் வாய்ப்பு ஏறக்குறைய ரெண்டு மடங்காகுதுன்னு சொன்னார். ஜீனும் ஓரளவு இருக்கு. ஆனா மாத்தக் கூடியதும் நிறைய இருக்குன்னு லான்செட்ங்கற மருத்துவ இதழ் அமைச்ச கமிஷனோட 2024 அறிக்கையப் பத்திச் சொன்னார். நான் அன்னிக்கு ராத்திரி உட்கார்ந்து படிச்சேன். 14 காரணம் சொல்றாங்க, சின்ன வயசுல குறைஞ்ச படிப்பு, நடுவயசுல காது கேளாமை, பிபி, கெட்ட கொழுப்பு, சர்க்கரை, உடல் பருமன், உடம்ப அசைக்காம இருக்கறது, டிப்ரஷன், தலையில அடி, புகை, அதிகக் குடி, அப்புறம் வயசான காலத்துல தனிமை, காத்து மாசு, சரி பண்ணாத பார்வைக் குறை. இதெல்லாத்தையும் சரி பண்ண முடிஞ்சா உலகத்துல வர்ற டிமென்ஷியாவுல 45 சதவீதம் வரைக்கும் தடுக்கவோ தள்ளிப் போடவோ முடியும்ங்கறது அவங்க கணக்கு. அந்தப் பட்டியலப் படிக்கப் படிக்க அம்மா வாழ்க்கையவே படிக்கற மாதிரி இருந்துச்சு. எட்டாவதோட நின்ன படிப்பு, பதினஞ்சு வருஷமா பிபி இருந்தும் தலை வலிச்சா மட்டும் போட்ட மாத்திரை, கவனிக்காத காது, அப்பா போனப்புறம் வந்த தனிமை.

டாக்டர்கிட்ட இத அழுதுட்டே சொன்னேன். அவர் சொன்னத இங்க அப்படியே எழுதறேன், ஏன்னா இதே குற்ற உணர்ச்சியோட நிறைய பேர் இருப்பீங்க. 45 சதவீதம்ங்கறது மொத்த மக்கள்தொகைக்கான கணக்கு, ஒரு தனி ஆளுக்கு இதனாலதான் வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது, எல்லாத்தையும் சரியா செஞ்சவங்களுக்கும் வருது, எதுவும் செய்யாதவங்களுக்கு வராமலும் போகுது. அதுவுமில்லாம எட்டாவதோட படிப்ப நிறுத்தினது அம்மாவா? பொண்ணுங்கள பள்ளிக்கூடம் அனுப்பறது, காத்த சுத்தமா வெக்கறது, பிபி மாத்திரை எல்லாருக்கும் கிடைக்கறது, இதெல்லாம் ஒரு குடும்பத்தோட கையில இல்ல, அரசாங்கம் செய்ய வேண்டியது. எனக்கு இது ரொம்ப ஆழமா பட்டுச்சு. உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்குப்படி 2021ல உலகம் முழுக்க 5.7 கோடி பேருக்கு டிமென்ஷியா, வருஷத்துக்கு கிட்டத்தட்ட ஒரு கோடி புதுசா, நோய் இருக்கறவங்கள்ல 60 சதவீதத்துக்கு மேல வசதி குறைஞ்ச, நடுத்தர நாடுகள்ல. 2019ல ஆன மொத்தச் செலவு 1.3 லட்சம் கோடி டாலர், அதுல பாதி வீட்டு ஆளுங்க சம்பளமே இல்லாம பார்த்துக்கறதோட மதிப்பு, அப்படிப் பார்த்துக்க ஆகற நேரத்துல 70 சதவீதம் பெண்கள் குடுக்கறது. நான் முழு நேர வேலைய அரை நேரமா மாத்திக்கிட்டப்போ அத என் சொந்தக் கஷ்டம்னுதான் நினைச்சேன், கோடிக்கணக்கான வீட்டுல ஒரு பொண்ணு இதையே செஞ்சுட்டு இருக்கான்னு தெரியாது.

மருத்துவம்னு பார்த்தா டொனெபெசில் மாத்திரை, அதுக்கு முன்னாடி ஒரு ஈசிஜி, இதயத்துடிப்ப அது குறைக்கலாம்ங்கறதால. 5 மில்லிகிராம்ல ஆரம்பிச்சு ஒன்றரை மாசம் கழிச்சு 10. முதல் ரெண்டு வாரம் குமட்டல். நோய நிறுத்தாது, அறிகுறிய கொஞ்ச நாளைக்குத் தாங்கிப் பிடிக்கும், அவ்வளவுதான்னு முதல்லயே தெளிவா சொல்லிட்டாங்க. பிபி மாத்திரை இப்போ ஒரு நாள் கூட விடறதில்ல.

பெரிய போராட்டம் காது மெஷினோடதான். எல்லா சத்தமும் ஒரேயடியா கேட்குதுன்னு கழட்டிப் போட்டுடுவாங்க. முதல் வாரம் ஒரு மணி நேரம், அப்புறம் ரெண்டுன்னு கூட்டினோம். பேட்டரி அவங்களேதான் மாத்தணும்னு நான் பிடிவாதமா இருந்தேன், அந்த சின்ன ஸ்டிக்கர உரிச்சு, ஒரு நிமிஷம் காத்துல வெச்சு, தட்டையான பக்கம் மேல வர்ற மாதிரி போட்டு மூடணும், இத அவங்க பழக மூணு வாரம் ஆச்சு, டப்பா மூடியில படம் வரைஞ்சு ஒட்டினேன். மெஷின் போட்டா ஞாபகம் குறையறது மெதுவாகுமான்னு கேட்டதுக்கு டாக்டர் 2023ல வந்த அச்சீவ்ங்கற ஆய்வச் சொன்னார், 70ல இருந்து 84 வயசு வரைக்கும் 977 பேர், மொத்தமா பார்த்தா வித்தியாசம் இல்ல, ஆனா ரிஸ்க் அதிகமா இருந்த குழுவுல மட்டும் மூணு வருஷத்துல சரிவு 48 சதவீதம் குறைவு. அம்மா மாதிரி ஏற்கனவே நோய் வந்தவங்க மேல செஞ்சது இல்லன்னும் சொன்னார். எங்களுக்குத் தெரிஞ்சது, அம்மா மறுபடியும் எல்லார் கூடவும் உட்கார ஆரம்பிச்சாங்க.

நடுவுல ஒரு ராத்திரி என்னையே யாருன்னு கேட்டாங்க, சுவத்துல யாரோ நிக்கறாங்கன்னாங்க. நோய் ஒரே நாள்ல முத்திடுச்சுன்னு நினைச்சு நடுங்கிட்டேன். பார்த்தா சிறுநீர்த் தொற்று. ஆன்டிபயாட்டிக் குடுத்து ஒரு வாரத்துல பழைய நிலைக்கு வந்தாங்க. டிமென்ஷியா பொதுவா இப்படி ஒரே நாள்ல பாயாது, திடீர்னு மாறினா வேற காரணம் இருக்கும், அன்னிக்கே டாக்டர்கிட்ட போயிடுங்க.

வரவு செலவு நோட்டு இன்னும் அம்மாகிட்டதான் இருக்கு. அவங்க எழுதுவாங்க, கூட்டல் நான் போடுவேன்.

அண்ணனுக்கு இப்போ 52. அந்த 14ல நிறைய நடுவயசுக்கானதுதான்னு படிச்சதுல இருந்து காது டெஸ்ட் பண்ணுங்க, பிபி பாருங்கன்னு நச்சரிச்சுட்டே இருந்தேன். போன வாரம்தான் போனார், பிபி கொஞ்சம் ஜாஸ்தி, இடது காதுல குறை. ரிப்போர்ட்ட எனக்கு அனுப்பாம நேரா அம்மாகிட்ட போய்க் காட்டியிருக்கார். நான் உள்ள வந்தப்போ அம்மா அவங்க மெஷின் டப்பாவ மடியில வெச்சுக்கிட்டு, ஸ்டிக்கர எப்படி உரிக்கணும், எந்தப் பக்கம் மேல வரணும்னு அவருக்குச் சொல்லிக் குடுத்துட்டு இருந்தாங்க.