ரோல் கேஜுக்கு ஸ்டிக்கர் வாங்கிய கதை

என்னுடையது 1990 மாடல் ஃபோர்டு மஸ்டாங் கார். மிச்சிகனில் வீட்டு கராஜில் வைத்து எட்டு வருடமாக நோண்டிக்கொண்டிருக்கிறேன். போன கோடையில் டர்போ மாட்டியதும் டிராக் ரேஸில், அதாவது நேர்கோட்டு வேகப் பந்தயத்தில், கால் மைலை 9.87 விநாடியில் ஓடிவிட்டது. துள்ளிக் குதித்துக்கொண்டு ஓடிய நேரத்தை அச்சிட்டுத் தரும் டைம் ஸ்லிப் வாங்கப் போனால், சீட்டைக் கொடுத்த கையோடு "இன்றைக்கு இவ்வளவுதான், வண்டியை டிரெய்லரில் ஏற்று" என்று சொல்லிவிட்டார்கள்.

தப்பு என்மேல்தான். அமெரிக்க டிராக் ரேஸ் அமைப்பான என்எச்ஆர்ஏ விதிப்படி, கால் மைலை 11.49 விநாடியிலோ அதற்கும் வேகமாகவோ ஓடினால் ரோல் பார் (ஓட்டுநருக்குப் பின்னால் நிற்கும் பாதுகாப்புக் குழாய்), 10.99க்கு ரோல் கேஜ் (ஓட்டுநரைச் சுற்றிக் குழாய்க் கூண்டு). தரையையும், எஞ்சினை உள்ளறையிலிருந்து பிரிக்கும் ஃபயர்வால் தகட்டையும் வெட்டாத வண்டியாக இருந்தால் 10.00 வரை ரோல் பாரோடு விடுவார்கள். அந்தச் சலுகையில்தான் நான் ஓட்டிக்கொண்டிருந்தேன். 9.99ஐத் தொட்டாலோ மணிக்கு 135 மைலை எட்டினாலோ, கேஜ் மட்டும் போதாது, சேஸிக்குச் சான்றிதழும் வேண்டும்.

கேஜுக்குக் குரோமோலி என்ற கலப்பு எஃகுப் பைப் என்றால் 0.083 அங்குலத் தடிமன் போதும், எடையும் குறையும். ஆனால் டிக் வெல்டிங்தான் செய்ய வேண்டும். என்னிடம் இருப்பது மிக் என்ற வேறு வகை வெல்டிங் மெஷின். அதனால் சாதாரண மைல்டு ஸ்டீல்: ஒன்றே முக்கால் அங்குலக் குழாய், தடிமன் குறைந்தது 0.118. மஸ்டாங்குக்குத் தனி ஃபிரேம் கிடையாது, வெறும் தகட்டுத் தரை. பைப்பை அப்படியே நிறுத்தினால் வண்டி உருளும்போது தரையைப் பொத்துக்கொண்டு இறங்கிவிடும். அதற்காக மேலே ஒன்று, கீழே ஒன்றாக ஆறு அங்குலச் சதுரத் தகடுகள் வைத்து, நான்கு போல்ட் போட்டு முடுக்கினேன்.

அளவெடுப்பதில் ஒரு கூத்து. மெயின் ஹூப், அதாவது ஓட்டுநருக்குப் பின்னால் வளைந்து நிற்கும் முக்கியக் குழாய், ஹெல்மெட்டுக்கு மேல் மூன்று அங்குலமாவது உயர்ந்திருக்க வேண்டும், தலையிலிருந்து ஆறு அங்குலத்துக்குள்ளும் இருக்க வேண்டும். நான் வெறுந்தலையோடு உட்கார்ந்து அளந்துவிட்டேன்! நல்லவேளை, பைப்பை வளைப்பதற்கு முன்பே டேப் பிடித்த மனைவி கேட்டுவிட்டாள், "ஹெல்மெட் எங்கே?" என்று. பக்கவாட்டுப் பைப் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் போக வேண்டும் என்பதால், இப்போது வண்டிக்குள் ஏறுவதே ஒரு யோகாசனம்.

சான்றிதழுக்காகச் சோதனைக்கு வந்தவர் பேச்சே இல்லாத மனிதர். ஸ்கேன் எடுப்பது போல பைப்பில் ஜெல்லைத் தடவி, கருவியின் முனையை வைத்தார். தடிமன் 0.120 காட்டியது. எனக்கு மூச்சு வந்தது. அப்புறம் விண்ட்ஷீல்டு ஓரத்து இணைப்பை விரலால் தடவிப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "கிரைண்டர் போட்டாயா?"

போட்டிருந்தேன். பெயின்ட் அடித்தால் வழவழவென்று அழகாக இருக்குமே என்று, கண்ணில் படும் நான்கு இணைப்புகளையும் தேய்த்துவிட்டிருந்தேன். வெல்டைத் தேய்க்கவே கூடாது என்பது விதி. தேய்த்தால் பிடிமானத்துக்கான உலோகம் போய்விடும், எவ்வளவு போனது என்று வெளியிலிருந்து தெரியவும் தெரியாது. அவர் கோபப்படவெல்லாம் இல்லை. தாளில் குறித்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

இரண்டு சனிக்கிழமைகள் போயின. பெயின்ட்டைச் சுரண்டி, நான்கையும் மறுபடி பற்றவைத்து, கிரைண்டரை அலமாரியில் பூட்டிவிட்டேன். அடுத்த முறை பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. மூன்று வருடத்துக்கான சான்றிதழ் ஸ்டிக்கர் இப்போது பைப்பில் ஒட்டியிருக்கிறது. அந்த நான்கு இணைப்புகளும் கம்பளிப்பூச்சி மாதிரி புடைத்துக்கொண்டு, விண்ட்ஷீல்டு வழியாகவே தெரிகின்றன.