தொரை சொன்னாலும் கேட்காத நாய்

என் தங்கச்சி இங்கிலாந்தில் ஒரு லாப்ரடோர் குட்டி வளர்க்கிறாள். பெயர் பார்லி. எட்டு வாரக் குட்டியாக வீட்டுக்கு வந்தது. ஒரு வயசு தாண்டியதும் பயிற்சி நிலையத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும். அங்கே இன்னும் சில மாதம் பழக்கி, பார்வையில்லாத யாரோ ஒருவருக்கு வழிகாட்டி நாயாகக் கொடுப்பார்கள். சாப்பாட்டுச் செலவு, மிருக வைத்தியர் செலவு எல்லாம் நிறுவனம் பார்த்துக்கொள்ளும். இவளுக்குச் சம்பளம் ஒன்றும் கிடையாது.

இதை இலங்கை மலையகத்தில், நோர்வூட் பக்கம் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் சொல்லிப் புரியவைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. "யார் நாயையோ வளக்கத்தான் சீமைக்குப் போனாளா?" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. எங்களுக்கு நாய் என்றால் ராத்திரி குரைக்க வேண்டும், சிறுத்தை வந்து தூக்கிக்கொண்டு போகிறவரைக்கும் குரைக்க வேண்டும். மேல் லயத்து ஜிம்மி அப்படித்தான் போனது.

விடாமல் கேள்வி கேட்டது அப்பாதான். கண் பிரஷரில் அவருக்குப் பார்வை போய் வருஷக்கணக்காகிறது. போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார்கள். அதுவும் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீடியோ கோலில் தங்கச்சி குட்டியைக் காட்டினால் அம்மா பார்ப்பாள். அப்பா போனைக் காதில் வைத்து அது மூச்சு வாங்குவதைக் கேட்பார்.

"என்னத்த படிக்குது இப்ப?"

பார்த்தால் பெரிய படிப்பு ஒன்றும் இல்லை. விசில் ஊதினால்தான் சாப்பாடு. அதுவரை தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். சொன்ன இடத்தில், சொன்ன நேரத்தில் ஒன்றுக்கு ரெண்டுக்குப் போக வேண்டும். பஸ்ஸில், ரயிலில், சந்தையில், லிப்டில் கூட்டிக்கொண்டு போய்ப் பழக்க வேண்டும். கீழே விழுந்த பிஸ்கட் துண்டை முகரவே கூடாது. புறா பறந்தாலும் பூனை ஓடினாலும் எதிரே இன்னொரு நாய் வந்தாலும் கண்டுகொள்ளாமல் நடக்க வேண்டும். தங்கச்சிக்கு அந்தப் பிஸ்கட்டோடுதான் முழுப் போராட்டமும். நாய் பிஸ்கட்டுக்குப் பாய்ந்தால், அதன் கைப்பிடியைப் பிடித்து நடக்கிற ஆள் விழுவார். வழிகாட்டுகிற வித்தையெல்லாம் பிறகு பயிற்சியாளர்கள் சொல்லிக்கொடுப்பது.

அப்பாவின் பெரிய சந்தேகம் வேறு. "கடைக்குப் போடான்னா தானா கூட்டிட்டுப் போயிருமா?" நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இல்லையாம். எந்த வழி என்று தெரிந்திருக்க வேண்டியது மனுஷன்தான். இடது, வலது, நேரே என்று அவர் சொல்லச் சொல்ல நாய் நடக்கும். நடுவில் தூண் இருந்தால் சுற்றிக்கொண்டு போகும், படி வந்தால் நிற்கும். சிக்னல் விளக்கெல்லாம் பார்த்துச் சொல்லாது. வாகனச் சத்தத்தைக் கேட்டு, கடக்கலாம் என்று முடிவெடுப்பவர் மனுஷன். ஆனால் அவர் போ என்று சொல்லும்போது கார் வந்தால் நாய் அசையாது. சொன்ன சொல் கேட்கவே பழக்கிவிட்டு, ஆபத்தென்றால் கேட்காதே என்றும் பழக்குகிறார்கள்!

அப்பா சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "தொரை சொன்னாலும் தப்புன்னா கேக்காதா? அப்ப இந்த நாய்க்குத் தோட்டத்துல பேரு பதிய மாட்டாங்க."

தோட்டத்து மனேஜரைத்தான் தொரை என்போம். அப்பா ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், வேலை செய்து ஓய்வு பெற்றவர். முதல் உலகப் போரில் கண் போன சிப்பாய்களுக்காக 1916இல் ஜெர்மனியில் முதல் பயிற்சிப் பள்ளி தொடங்கியதையும், 1931இல் பிரிட்டனில் நான்கு அல்சேஷன் நாய்களோடு ஆரம்பித்ததையும் வாசித்துக் காட்டினேன். அந்த நாலுக்கும் பேர் என்ன என்று கேட்டார். ஜூடி, பிளாஷ், பாலி, மெட்டா. நாலும் பொட்டை என்றதும், "கொழுந்து எடுக்கிறதும் பொம்பளைங்கதானே" என்றார். அம்மா உள்ளேயிருந்து, "இப்பத்தான் தெரிஞ்சிச்சாக்கும்" என்றாள்.

இங்கே அப்படி ஒரு நாய் நடக்குமா என்று யோசித்துப் பார்த்தேன். லயத்துப் படி உடைந்து கிடக்கிறது. தண்ணீர் ஓடுகிற கானுக்கு மூடி இல்லை. கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கிட்டே அஞ்சாறு நாய் எப்போதும் படுத்திருக்கும்; வெளி நாய் வந்தால் விடாது. டவுனில் நடைபாதையில் மரக்கறிக் கூடை, அதை விட்டு இறங்கினால் ஆட்டோ. இங்கிலாந்தில் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி வழிகாட்டி நாயோடு வருகிறவரைக் கடையிலோ டாக்சியிலோ நாயைக் காரணம் காட்டித் தடுக்க முடியாது. இங்கே வெள்ளைக் கம்போடு நிற்கிற அப்பாவையே பஸ் கண்டக்டர், "கெதியா ஏறு" என்கிறார். நாய் வாங்கிக் கொடுக்கிறேன் என்று யாராவது நாளைக்கு வந்தால், முதலில் கானை மூடுங்கள் என்றுதான் சொல்வேன்.

பார்லி அடுத்த மாதம் போகிறான். எல்லாக் குட்டியும் பாஸாவதில்லை. பாஸாகாததை வேறு வேலைக்குப் பழக்குவார்கள், அல்லது ஏதாவது வீட்டில் வளர்ப்பு நாயாக விடுவார்கள். தங்கச்சி மனசுக்குள் என்ன வேண்டிக்கொள்கிறாள் என்று எனக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரியும். "பெயிலாகணும்னு வேண்டிராத, அங்க ஒருத்தன் காத்துக்கிட்டு இருப்பான்" என்று போன ஞாயிறு கோலிலேயே சொல்லிவிட்டார்.

அம்மா மாரியம்மன் கோயிலில் அர்ச்சனைக்குக் கொடுக்கப் போனாள். பேர் பார்லி என்று பூசாரி எழுதிக்கொண்டார். நட்சத்திரம் கேட்டாராம். பிறந்த திகதி தங்கச்சிக்குத் தெரியும், நேரம் தெரியாது. "சாமி பேருக்கே பண்ணிருங்க" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.