டயாபர் மாற்றிய கை அடுத்து எதைத் தொடுகிறது?

நிமோனியாவுக்காகச் சேர்த்த குழந்தைக்கு மூச்சு சீராகி, நாளை வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றிருக்கும்போது வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஆரம்பிக்கும். குழந்தைகள் வார்டில் வேலை செய்கிற எல்லோருக்கும் இது தெரியும். சேர்த்து 48 மணி நேரம் கடந்த பிறகு தொடங்கினால் பெரும்பாலும் மருத்துவமனையிலேயே தொற்றியதாகத்தான் எடுத்துக்கொள்கிறோம். இப்படி வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும் ரோட்டா வைரஸ் தொற்றி அறிகுறி தெரிய 1 முதல் 3 நாள் ஆகும். நோரோ வைரஸுக்கு 12 முதல் 48 மணி நேரம்.

உடனே அம்மாவிடம் போகும் கேள்வி, "குழந்தைக்கு என்ன கொடுத்தீங்க?" என்பதுதான். பல நேரம் அது அநியாயம். வைரஸைக் கொண்டுவந்து சேர்ப்பது பெரும்பாலும் கைகள்தான், அவற்றில் எங்கள் கைகளும் உண்டு. ரோட்டா தொற்றிய குழந்தையின் ஒரு கிராம் மலத்தில் பத்தாயிரம் கோடி வைரஸ் துகள்கள் வரை இருக்கலாம். அடுத்த குழந்தைக்குத் தொற்ற நூறுக்கும் குறைவான துகள்களே போதும். கையில் அழுக்கு தெரியவில்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

ஒரு டயாபர் மாற்றுவதை நிதானமாகக் கவனித்துப் பாருங்கள். கையுறை போட்டு, டயாபரைக் கழற்றி, குழந்தையைத் துடைக்கிறோம். குழந்தை உதைக்கும், அதே கையால் காலைப் பிடிப்போம். ட்ரிப்ஸ் பம்ப் கத்தும், அதே விரலால் பொத்தானை அழுத்துவோம். எவ்வளவு நீர் போயிருக்கிறது என்று பார்க்க, கழற்றிய டயாபரைத் தராசில் வைத்துவிட்டு, எடையைக் குறிக்கப் பேனாவை எடுப்போம். கையுறை எங்கள் தோலை மட்டும் காப்பாற்றுகிறது. பம்ப், பேனா, கட்டில் கம்பி எல்லாவற்றிலும் வைரஸ் ஏறிவிடுகிறது. தராசோ பல வார்டுகளில் எல்லாக் குழந்தைகளுக்கும் ஒன்றுதான்.

அதனால் தொடங்கும் முன்பே புது டயாபர், துடைக்கும் துணி, வாய் திறந்த குப்பைப் பை மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அழுக்குப் பக்கம் உள்ளே போகும்படி டயாபரைச் சுருட்டுங்கள். தராசில் ஒவ்வொரு முறையும் புதுத் தாள் விரியுங்கள். எடை பார்த்து, டயாபரைப் பையில் போட்டதும் கையுறையை அங்கேயே கழற்றி, கையைக் கழுவிவிட்டுத்தான் பேனாவையும் பம்பையும் தொட வேண்டும். கடைசியில் தராசையும் துடைத்துவிடுங்கள்.

கழுவுவது சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டுதான். ஆல்கஹால் சானிட்டைசர் ரோட்டாவை ஓரளவு நன்றாகவே குறைக்கும், ஆனால் நோரோவுக்கு அதை நம்ப முடியாது. வயிற்றுப்போக்கு ஆரம்பிக்கும் நேரத்தில் எந்த வைரஸ் என்று யாருக்கும் தெரியாது. கட்டை விரலும் நக இடுக்கும் விட்டுப்போகாமல் 20 நொடியாவது தேய்க்க வேண்டும்.

ப்ளீச் விஷயத்தில் வரிசைதான் தவறுகிறது. வாந்தியின் மேல் நேராக ஊற்றினால் அதிலுள்ள கரிமப் பொருளே குளோரினைத் தின்றுவிடும், வைரஸ் பிழைத்துக்கொள்ளும். முகக்கவசமும் கையுறையும் போட்டு, முதலில் தாளால் அள்ளுங்கள், பிறகு சோப்புக் கரைசலால் துடையுங்கள். அதன் பிறகுதான் ப்ளீச். 5 சதவீத ஹைப்போகுளோரைட் (ப்ளீச் திரவம்) 20 மில்லியுடன் 980 மில்லி தண்ணீர் சேர்த்தால் 1000 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு குளோரின் வரும். அது 10 நிமிடம் ஈரமாகவே நிற்கட்டும். வாந்தியின் துளிகள் தெறிப்பதால் திட்டு தெரியும் இடத்தைவிட அகலமாகத் துடைக்க வேண்டும். கரைசலை அன்றன்றைக்குக் கலக்க வேண்டும், நேற்றையது வேண்டாம். அமிலக் கழுவியோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள், நச்சு வாயு வரும்.

தனி அறை இருந்தால் நல்லது. இல்லையென்றால் ஒரே வைரஸ் உறுதியான குழந்தைகளை ஒரே இடத்தில் வைக்கலாம். நோரோவில் அறிகுறி நின்ற பிறகும் 48 மணி நேரம் தனிமை தொடர வேண்டும். வயிற்றுப்போக்கு வந்த ஊழியர்களுக்கும் அதே 48 மணி நேரம்தான். ஆள் பற்றாக்குறை என்று அவர்களை வரச் சொல்கிற நிர்வாகம், அடுத்த வாரம் இன்னும் பல ஊழியர்களை இழக்கும்.

ரோட்டாவுக்கு வாய்வழித் தடுப்பு மருந்து இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2009 முதல் அதை எல்லா நாடுகளுக்கும் பரிந்துரைக்கிறது. நோரோவுக்கு இன்னும் அப்படி ஒன்று இல்லை.

டயாபரைப் பெரும்பாலும் மாற்றுவது அம்மாதான், அவருக்கு யாரும் இதையெல்லாம் சொல்லித் தருவதில்லை. சேர்க்கும் நாளிலேயே சொல்லுங்கள், கட்டிலருகே சோப்பு வையுங்கள். போக்கு நின்ற பிறகும் பல நாள் மலத்தில் வைரஸ் வெளியேறும், குறிப்பாக எதிர்ப்புச் சக்தி குறைந்த குழந்தைகளிடம் மாதக்கணக்கில்கூட. ஆகவே டிஸ்சார்ஜ் சீட்டில் மருந்துப் பெயர்களுக்குக் கீழே கை கழுவுவதையும் எழுதிக் கொடுக்க வேண்டும்.