வேனுக்குள் கேஸ் அடுப்பு: ரெகுலேட்டரில் தொடங்கி சோதனை வரை

கும்பகோணத்தில் கிளம்பி நவக்கிரகக் கோயில்கள், அப்படியே நாகூர், வேளாங்கண்ணி என்று குடும்பத்தோடு சுற்ற, வேனுக்குள்ளேயே படுக்கையும் சமையல் மேடையும் அமைத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். மரவேலைக்கும் வயரிங்குக்கும் மாதக்கணக்கில் யோசிப்பார்கள். கேஸ் இணைப்போ கடைசி நாளில், வீட்டு அடுப்பைத் தூக்கி வைத்து ட்யூபைச் செருகுவதோடு முடிந்துவிடும். நாங்கள் சிலிண்டருக்கு இடம் குறித்த பிறகுதான் மேடைக்கு அளவெடுக்கிறோம். ஆர்.சி. விவரம் மாறும்படி வண்டியில் கைவைப்பதாக இருந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு குறுக்கே நிற்கும், ஆர்.டி.ஓ. அலுவலக வேலையை அதற்கும் முன்னாலேயே முடித்துக்கொள்ள வேண்டும்.

ரெகுலேட்டர் வாங்கும் முன் அடுப்பின் அடியில் ஒட்டியிருக்கும் தகட்டைப் பாருங்கள். நம் ஊர் வீட்டு அடுப்புகள் சதுர செ.மீ.க்கு 30 கிராம் அழுத்தத்துக்குச் செய்யப்பட்டவை. ஐரோப்பிய கேரவன் அடுப்பில் 30 மில்லிபார் என்றிருக்கும். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். பிரிட்டனிலிருந்து வந்த பழைய அடுப்பில் 28, 37 என்று இரண்டு எண்கள் இருந்தாலும் 30-இல் நன்றாகவே எரியும். பழைய ஜெர்மன் கேரவனிலிருந்து கழற்றிய 50 மில்லிபார் அடுப்பு மட்டும் வேண்டாம். அதன் ஜெட் (பர்னருக்குள் கேஸைப் பாய்ச்சும் முனை) துளை நம் அழுத்தத்துக்குச் சிறியது. தீ சோம்பலாக எரியும், பிறகு அழுத்தத்தை ஏற்றிப் பார்க்கும் ஆசை வரும்.

அழுத்தம் ஒத்துப்போனாலும் வாய் ஒத்துப்போகாது. நம் வீட்டு சிலிண்டரின் வால்வு 22 மி.மீ. பிரிட்டனில் பியூட்டேன் சிலிண்டருக்குப் பரவலாக இருப்பது 21 மி.மீ. ஒரு மி.மீ.தானே என்று அழுத்தி மாட்டினால், கிளிக் சத்தம் கேட்டாலும் உள்ளே வாஷர் சரியாக உட்காராது. நிற்கும் வண்டியில் கசியாதது, திருத்துறைப்பூண்டிப் பக்கம் பள்ளம் மேட்டில் ஓடியதும் கசியும். அடாப்டர் கடைந்து தருகிறேன் என்று லேத் பட்டறையில் சொல்வார்கள். நல்ல கைவேலைக்காரர்கள்தான், ஆனால் இந்த வேலையை அவர்களிடம் கொடுக்காதீர்கள். ஐ.எஸ். 9798 (இந்தியத் தர எண்) முத்திரையுள்ள 22 மி.மீ. ரெகுலேட்டர் போதும்.

இன்னொரு குளறுபடி, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு ரெகுலேட்டர். இறக்குமதி கேரவனில் சுவரிலேயே ஒன்று பதித்திருக்கும். அது சிலிண்டரின் முழு அழுத்தத்தையும் வாங்கி 30-ஆகக் குறைப்பதற்கானது. அதைக் கழற்றாமல் சிலிண்டர் தலையில் வீட்டு ரெகுலேட்டரையும் மாட்டினால், ஏற்கெனவே 30-ஆகக் குறைந்த கேஸ் சுவர் ரெகுலேட்டருக்குள் நுழைந்து இன்னும் சுருங்கும், பர்னர் திணறும். உடனே யாராவது டீக்கடை ஹை பிரஷர் அடாப்டரைக் கொண்டுவந்து மாட்டுவார்கள். அப்போது சிலிண்டருக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள ட்யூபில் வெயில் நாளில் சதுர செ.மீ.க்குப் பல கிலோ அழுத்தம் நிற்கும். வீட்டு அடுப்புக்கான ட்யூப் அதற்கு ஆனதல்ல. சுவர் ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு சிலிண்டர் தலையில் ஒன்றே ஒன்று வைப்பது எங்கள் வழக்கம்.

சிலிண்டருக்குத் தனிப் பெட்டி வேண்டும். கதவு வண்டிக்கு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உட்புறம் காற்றுப் புகாதபடி அடைத்திருக்க வேண்டும். இந்த கேஸ் காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம், தரையைத் தேடித்தான் போகும். அதனால் பெட்டியின் தளத்தில் திறப்பு வைக்கிறோம். ஐரோப்பிய கேரவன் விதி தளப்பரப்பில் 2 சதவீதம், குறைந்தது 100 சதுர செ.மீ. என்கிறது. வலை அடித்தால் திறப்பு குறையும். எனவே 10-க்கு 10 என்பதை 12-க்கு 12 ஆக வெட்டுகிறோம். சைலன்சருக்கு நேர் மேலே இந்தத் திறப்பு வரக்கூடாது. ஐப்பசி மழையில் சேறு தெறித்து வலை அடைத்துக்கொள்ளும், அறுவடைக் காலத்தில் வைக்கோல் தூசு. ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் விரலை விட்டுப் பார்த்துவிடுங்கள்.

வண்டிக்கு 5 கிலோ சிலிண்டர் தோது. இரண்டு பட்டைகளால் கட்டி, நிமிர்த்தியே வைக்க வேண்டும். படுக்க வைத்தால் திரவமே ரெகுலேட்டருக்குள் போகும். ஒரு லிட்டர் திரவம் சுமார் 250 லிட்டர் வாயுவாக விரியும். அடுப்பில் தீ ஆளுயரம் எழுவது இப்படித்தான்.

ரெகுலேட்டரின் உடம்பில் ஒரு சிறு துளை இருக்கும். உள்ளேயுள்ள ரப்பர் சவ்வு மேலும் கீழும் அசைய, ஸ்பிரிங் பக்கத்துக் காற்று அதன் வழியாகத்தான் வந்துபோகும். அடைந்தால் தீ துடிக்கும், ஏறும், இறங்கும். டெல்டாவில் இதை அடைக்கும் முக்கிய ஆசாமி குளவி. வண்டி சில வாரம் நின்றால் மண்கூடு கட்டிவிடும். ஊசியால் குத்தாதீர்கள், சவ்வு கிழிந்தால் அதே துளை வழியாக கேஸ் வெளியே வரும். ரெகுலேட்டரை மாற்றுவதே சரி. பெயிண்ட் அடிப்பவர் அந்தத் துளையைப் பூசிவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரப்பர் ட்யூப் ஒன்றரை மீட்டருக்கு மேல் வேண்டாம்; தடுப்பைத் துளைத்தும் போகக்கூடாது. பெட்டியிலிருந்து அடுப்பு வரை 8 மி.மீ. தாமிரக் குழாய், அரை மீட்டருக்கு ஒரு கிளாம்ப், தகட்டைத் துளைக்கும் இடத்தில் ரப்பர் வளையம், அடுப்புக்கு முன்னால் ஒரு தனி வால்வு. ட்யூபில் ஐ.எஸ். 9573 முத்திரையும் ஆண்டும் பாருங்கள். உள்ளே கம்பிவலை உள்ளதாக இருக்கட்டும். வயலோரம் நிறுத்தும் வண்டிக்கு எலி வராமல் இருக்காது.

அழுத்தத்தையும் கசிவையும் சோதிக்கக் கொத்தனாரின் மட்ட ட்யூபே போதும். ஒரு பலகையில் யு வடிவில் கட்டி, யு-வின் இரண்டு பக்கத்திலும் பாதி அளவுக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீருக்கு மேல் அரை மீட்டராவது வெற்று ட்யூப் இருக்க வேண்டும். ஒரு நுனியை அடுப்புக்கு முன்னால் டீ (T வடிவ இணைப்பு) வைத்துச் செருகுங்கள். ஒரு பர்னர் எரியும்போது இரு மட்டங்களுக்கும் இடைவெளி 30 செ.மீ. அளவில் இருந்தால் அதுதான் சதுர செ.மீ.க்கு 30 கிராம். எல்லா பர்னரும் எரியும்போது இரண்டு மூன்று செ.மீ.க்கு மேல் விழுந்தால் குழாய் ஒடுங்கியிருக்கிறது, அல்லது ட்யூப் மடிந்திருக்கிறது. எல்லாவற்றையும் மூடினால் கொஞ்சம் ஏறி நிற்பது இயல்பு. நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் ரெகுலேட்டரின் இருக்கை (உள்ளே கேஸ் வழியை அடைக்கும் பகுதி) தேய்ந்துவிட்டது, தூக்கிப் போடுங்கள். கடைசியாக ரெகுலேட்டரை மூடிப் பத்து நிமிடம் பாருங்கள். மட்டம் இறங்கினால் கசிவு. சோப்புத் தண்ணீரோடு ஒவ்வொரு இணைப்பாகத் தேட வேண்டியதுதான். இதை நிழலில் செய்யுங்கள். குழாயில் வெயில் ஏறினால் மட்டமும் ஏறி ஏமாற்றும்.

விபத்தில் தானே மூடிக்கொள்ளும் ரெகுலேட்டர்கள் ஐரோப்பாவில் உண்டு. நம் வீட்டு ரெகுலேட்டரில் அந்த வசதி இல்லை. ஆகவே வண்டி நகரும் முன் அதைக் கழற்றி, வால்வுக்கு மூடி போட்டுவிட வேண்டும். கேஸ் இருப்பு காட்டும் என்று மீட்டர் வைத்த கருவிகளை விற்கிறார்கள். உள்ளே சொட்டுத் திரவம் இருக்கும்வரை அழுத்தம் அப்படியே நிற்கும் என்பதால் அது இருப்பைக் காட்டாது. தொங்கு தராசில் நிறுத்து, சிலிண்டரில் பொறித்த வெற்று எடையைக் கழியுங்கள். கசிவு அலாரத்தைத் தரையிலிருந்து ஒரு சாணுக்குள், வாசற்படிக் குழிக்குப் பக்கத்தில் பொருத்துங்கள். கேஸ் கீஸர் வண்டிக்குள் கூடவே கூடாது. தஞ்சாவூர் வெயிலுக்கு அது தேவையும் இல்லை.

பூம்புகார், வேளாங்கண்ணிக் கரையில் நிறுத்தினால் உப்புக்காற்று கிளிப்பையும் ரெகுலேட்டரின் பூட்டு வளையத்தையும் துருப்பிடிக்க வைக்கும். ஊர் திரும்பியதும் ஈரத்துணியால் துடைத்து, வளையம் தடையின்றி ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். இறுகினால் எண்ணெய் விடாதீர்கள்.