லோம்ஸ் வியூவில் வந்த எண்ணெய் வாசம்

கோயம்புத்தூர் கணபதியில் ஒரு பம்ப் பட்டறையில்தான் முதலில் வேலைக்குச் சேர்ந்தேன். தண்ணீர் மோட்டாரில் தண்ணீரை வீசும் சக்கரமான இம்பெல்லரைக் கழற்றி மாட்டிப் பழகிய கை இது. அப்புறம் கார் பட்டறைக்கு மாறி, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வேலை கற்றபோது, எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் கிளட்ச் இடத்தில் இருக்கும் டார்க் கன்வெர்ட்டர், கெட்டுப்போன ஒன்றை அறுத்துத் திறந்து காட்டினார்கள். உள்ளே இருந்ததும் இம்பெல்லர்தான். எஞ்சின் அதைச் சுற்ற, அது எண்ணெயை வீசுகிறது. எதிரே கியர்பாக்ஸோடு இணைந்துள்ள டர்பைன் என்ற சக்கரம் அந்த வீச்சில் சுற்றுகிறது. நடுவில் நிற்கும் ஸ்டேட்டர், திரும்பி வரும் எண்ணெயை இம்பெல்லர் சுற்றும் திசைக்கே மடக்கிவிடுகிறது. நின்ற வண்டி கிளம்பும்போது எஞ்சினின் முறுக்குவிசை ஏறக்குறைய இரண்டு மடங்காகி கியர்பாக்ஸுக்குள் போவது இதனால்தான்.

இவ்வளவு தெரிந்திருந்தும் ஒரு வண்டிக்குத் தவறான கன்வெர்ட்டரைத் தேர்ந்தெடுத்தேன்.

பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் அண்ணன் ஒருவருடைய 1969 இம்பாலா அது. 5.7 லிட்டர் வி8 எஞ்சின், மூன்று கியர் டர்போ ஹைட்ராமாட்டிக் 350. எஞ்சினைப் புதுப்பித்தபோது வால்வுகளைத் திறந்து மூடும் கேமில் பெரியதொன்றைப் போட்டிருந்தார். அதிலிருந்துதான் தொல்லை. “டி-யில போட்டு சிக்னல்ல நின்னா அமந்துருதுங்க தம்பி. டிராக்ல விட்டா கிளம்பவே யோசிக்குதுங்க” என்றார். டிராக் என்றது செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயை. பந்தய வீரர் கரிவர்தன் பெயரில் உள்ள 2.1 கிலோமீட்டர் பாதை. எங்கள் ஊர்ப் பையன்களுக்கு வேகம் என்றால் அந்த இடம்தான்.

நோய் தெளிவாகத்தான் இருந்தது. பெரிய கேம் போட்ட எஞ்சினுக்குக் கீழ்ச்சுற்றில் உயிர் கிடையாது. அதில் நிமிடத்துக்கு 2,500 சுற்றுக்கு மேல்தான் இழுவை பிறந்தது. கம்பெனி கன்வெர்ட்டரோ 2,000-க்குள்ளேயே எஞ்சினைப் பிடித்து நிறுத்திவிடும். ஸ்டால் என்று சொல்வது இதைத்தான்: டர்பைன் அசையாமல் நிற்க, முழு ஆக்ஸிலேட்டரில் எஞ்சின் எந்தச் சுற்று வரைக்கும் ஏற முடிகிறதோ அந்த எண். நான் 3,500 ஸ்டால் உள்ள, விட்டம் குறைந்த 10 அங்குலக் கன்வெர்ட்டரை வரவழைத்து மாட்டினேன். கரியில் மிதித்ததும் பின்பக்கம் அமுங்கி, மூக்கைத் தூக்கிக்கொண்டு வண்டி பாய்ந்தது. அண்ணன் இறங்கிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த வாரம் குடும்பத்தோடு வால்பாறைக்குக் கிளம்பினார். ஆழியாறு தாண்டி ஏறி, ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் லோம்ஸ் வியூவில் இருந்து போன். “தம்பி, என்னமோ தீஞ்ச வாசம் வருதுங்க.” மொத்தம் நாற்பது வளைவு. கால்வாசிகூட ஏறியிருக்கவில்லை. வண்டியை அணைத்து ஆறவிட்டு, மெதுவாகக் கீழே இறக்கச் சொன்னேன். பட்டறையில் டிப்ஸ்டிக்கை இழுத்தால் சிவப்பாக இருக்கவேண்டிய எண்ணெய் காப்பி நிறத்தில் வந்தது. வண்டிக்குள்ளே குழந்தைகள் இருந்திருக்கிறார்கள். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

என்ன நடந்தது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 27 அங்குல உயர டயர், பின் அச்சில் சுற்றைக் குறைக்கும் பல்சக்கர ஜோடியான கிரவுன் பினியனின் விகிதம் 3.08. 80 கிலோமீட்டர் வேகத்தில் டாப் கியரில் எஞ்சின் சுற்று 1,900 சொச்சம்தான், ஸ்டால் எண்ணான 3,500-க்கு வெகு கீழே. சமவெளியில் லேசாக மிதித்து ஓட்டும்போது வழுக்கல், அதாவது இம்பெல்லருக்கும் டர்பைனுக்கும் உள்ள வேக வித்தியாசம், கொஞ்சம்தான் என்பதால் பெரிதாகத் தெரியாது. மலையில் 25 கிலோமீட்டர் வேகத்தில், 1,800 கிலோ வண்டியை மிதித்து ஏற்றும்போது இம்பெல்லர் ஒரு பக்கம் பறக்கிறது, டர்பைன் பின்னால் தவழ்கிறது. இந்த இடைவெளியில் தொலையும் சக்தி முழுக்க எண்ணெயில் சூடாகத்தான் இறங்கும். வேறு போக்கிடம் இல்லை. சூடு பத்துப் பன்னிரண்டு டிகிரி கூடக் கூட எண்ணெயின் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் சொல்லும் கணக்கு. நானோ தனி ஆயில் கூலர்கூட வைக்கவில்லை.

இன்னொன்றையும் அப்போதுதான் உறைக்கக் கற்றேன். பெட்டிமேல் அச்சடித்த ஸ்டால் எண் கன்வெர்ட்டருக்கு மட்டும் சொந்தமானது அல்ல. பம்பில் இம்பெல்லர் வேகத்தை இரட்டித்தால் முறுக்குவிசை நான்கு மடங்கு வேண்டும். இங்கேயும் அதே விதி. முறுக்குவிசை 21 சதவீதம் கூடிய எஞ்சினில் அதே கன்வெர்ட்டர் 10 சதவீதம் அதிகச் சுற்றில் ஸ்டால் ஆகும். ஆகவே இன்னார் வண்டியில் இந்த எண் நன்றாக இருந்தது என்று வாங்கக் கூடாது. வண்டியின் எடை, கேம், கிரவுன் பினியன், டயர் உயரம், முதல் கியர் விகிதம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துத்தான் கன்வெர்ட்டர் கட்டச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது முறை அண்ணனிடம் முதலில் கேட்டது, வருஷத்தில் எத்தனை நாள் டிராக், எத்தனை நாள் ரோடு என்றுதான். “டிராக் நாலு நாள் இருக்குமுங்க. மத்ததெல்லாம் ரோடுதானுங்க.” 2,600 ஸ்டால் எடுத்தோம். குறைந்த இழுவையை ஈடுகட்ட கிரவுன் பினியனை 3.73 ஆக்கினோம். இந்த மாற்றத்தில் இரட்டை லாபம்: கிளம்பும் வேகமும் கூடும், கன்வெர்ட்டரின் சுமையும் குறையும். 100 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் 2,900 சுற்றில் இரையும், பெட்ரோலும் குடிக்கும். அதையும் மறைக்காமல் சொன்னேன். முன்னால் பெரிய ஆயில் கூலர், டேஷில் எண்ணெய்ச் சூடு மீட்டர். மாட்டும்போது கன்வெர்ட்டர் மூன்று முறை ‘டக்’ என்று உள்ளே இறங்கும் வரை பொறுமையாகத் திருப்பினேன். கன்வெர்ட்டரை எஞ்சினோடு இணைக்கும் தட்டான ஃப்ளெக்ஸ்பிளேட்டுக்கும் அதற்கும் 4 மில்லிமீட்டர் இடைவெளி வந்த பிறகே போல்ட்டைக் கையில் எடுத்தேன். இதில் அவசரப்பட்டு முறுக்கினால் கியர்பாக்ஸ் பம்ப் உடைந்துபோகும்.

பழைய பாய்ச்சல் கரியில் கொஞ்சம் குறைந்தது உண்மை. சிக்னலில் அணையவில்லை.

வால்பாறைக்கு இந்த முறை நானும் முன்சீட்டில் உட்கார்ந்துபோனேன். செங்குத்தான இடங்களில் டி-யில் விடாமல் லீவரைக் கீழிறக்கி முதல் கியரிலேயே ஓட்டச் சொன்னேன். டர்பைன் வேகமாகச் சுற்றினால் வழுக்கல் குறையும். லோம்ஸ் வியூவில் எண்ணெய்ச் சூடு மீட்டர் 94 டிகிரி காட்டியது. அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். “நிறுத்தட்டுங்களா?” வேண்டாமுங்கண்ணா, போங்க என்றேன். அட்டகட்டியில் 98. அதற்குமேல் முள் ஏறவில்லை.